உருண்டை நட்டும் கூம்புக் குழியும்

12 மார்ச் 2025, புதன்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடந்து, பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது ஆறு மணி. காபி, பேப்பர், குளியல். வங்கிக்கு விடுப்பு சொல்லியிருந்ததால் ஏழு மணிக்கு ஈரத்துணியோடு காரைத் துடைக்கப் போனேன். அன்று அந்தக் காரில்தான் மகளை மணப்பாறையிலிருந்து அழைத்து வர வேண்டும். அவளுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை புகுந்த வீட்டில் வளைகாப்பு முடிந்திருந்தது. பிரசவத்துக்கு எங்களிடம் வருகிறாள். புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்று சம்பந்தி அம்மா சொல்லியிருந்தார்.

இரண்டு வாரத்துக்கு முன் காரைப் பள்ளத்தில் இறக்கியதில் ஒரு இரும்பு ரிம் வளைந்துபோனது. அதைச் சாக்காக வைத்து நான்கு சக்கரத்துக்கும் அலாய் வீல் போட்டேன். பூட்டிய அன்றே என் மனைவி ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். எதையும் தாராளமாக அப்புகிறவள். சந்தனம் நட்டைத் தாண்டிச் சக்கரத்திலும் படிந்து காய்ந்திருந்தது. பூஜைக்கு வைத்ததை நான் துடைப்பதில்லை. துணியை அதைச் சுற்றியே ஓட்டுவேன்.

அன்று முன்பக்க இடது சக்கரத்தில் கை நின்றது. மூன்று நட்டுகளைச் சுற்றிச் சந்தனம் வட்டமாக வெடித்திருந்தது. மற்ற மூன்று சக்கரங்களிலும் ஒரு கீறல்கூட இல்லை. வெடித்திருந்த ஒன்றை விரலால் திருகினேன். திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை இதே சக்கரத்தில்தான் மணப்பாறை போய் வந்திருந்தோம்.

என் மனைவி பொன்மலை ரயில் பட்டறையில் வேலை பார்க்கிறாள். நட்டு, போல்ட்டெல்லாம் அவளுக்கு அன்றாடம். கூப்பிட்டுக் காட்டினேன்.

"இறுக்கிட்டு மெதுவாப் போயிட்டு வந்துடலாமா?" என்றேன்.

"இறுக்கினது ஏன் லூஸாச்சு? அதைப் பாக்காம புள்ளையை இதுல உக்கார வெப்பீங்களா?"

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். நட்டின் அடிப்பாகம் பழைய இரும்பு ரிம்முக்கு ஏற்றபடி உருண்டையாக இருந்தது. அலாய் வீலில் நட்டு உட்காரும் குழியோ கூம்பாக இறங்கியது.

"பட்டறையில நீல மை தடவிப் பாப்போம். இங்க இது போதும்" என்று அவள் தேங்காய் எண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து நட்டின் அடியில் தடவினாள். குழியில் வைத்து அழுத்தித் திருப்பி எடுத்தாள். குழிக்குள் நூல் கனத்துக்கு ஒரு சிவப்பு வளையம் விழுந்திருந்தது. மற்ற இடத்தில் நட்டு தொடவே இல்லை.

"பூட்டினவரு பழைய நட்டே போதும்னாரே."

"அவரா புள்ள பெத்துக்கப் போறாரு?"

எல்லாக் குழிகளையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். எதுவும் சிதையவில்லை. போல்ட்டுகளின் மரையும் தேயவில்லை. நட்டுகளை மட்டும் மாற்றினால் போதும் என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கியது. மனைவி போனில், "ராகு காலம் கழிச்சுக் கிளம்பறோம், சம்பந்தி" என்றாள். சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழைய நட்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் தென்னூர் போனேன். உதிரிபாகக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பளபளவென்று நீல நிறத்தில் ஒரு செட்டை எடுத்து வைத்தார்.

"பசங்க இதைத்தான் சார் கேக்கறாங்க."

"நான் பசங்க இல்லீங்களே."

"அது தெரியுது சார்" என்று வேறு பெட்டியைத் திறந்தார். "மரை அதேதான். அடி மட்டும் கூம்பு. ஆனா இது தலை மூடின நட்டு. உள்ள போல்ட்டு முட்டிடுச்சுன்னா இறுகின மாதிரி இருக்கும், சக்கரத்தைப் பிடிக்காது. ஒன்னைப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

எனக்கு மறுபடி வந்து போக நேரமில்லை. தலை திறந்த சாதாரண இரும்பு நட்டாகவே கேட்டேன். பதினாறு கொடுத்தார். கூடவே ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கினேன். சொன்ன அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் திருகி அது.

"பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். ஸ்டெப்னி இரும்புதானே? பஞ்சரானா அதுக்கு உருண்டை நட்டுதான் வேணும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய நட்டு நான்கைப் பையில் கட்டி ஸ்டெப்னிக்குள் வைத்தேன்.

புதிய நட்டிலும் மனைவி குங்குமம் தடவிப் பார்த்தாள். இந்த முறை கூம்பு முழுக்கச் சிவந்தது. அவள் குழியை எனக்குக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரையில் பசை தங்கக் கூடாது என்பதால் எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்தோம். ஒவ்வொரு நட்டையும் முதலில் கையால் திருகினேன். எங்கேயும் பிடிக்காமல் ஓடியது. பிறகு சக்கரத்தை இறக்கி, எதிரெதிராக, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு இறுக்கினேன். நான்கு சக்கரங்களும் முடிந்தபோது ராகு காலம் பாதிதான் ஆகியிருந்தது. நிதானமாகத் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

மணப்பாறையிலிருந்து திரும்பும்போது மகள் பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். ராம்ஜி நகர் நெருங்கும்போது மெல்லிய 'கிணுகிணு' ஒன்று கேட்டது. ஓரம் கட்டி இறங்கி, இடது முன்சக்கரத்தருகே குனிந்தேன். நட்டெல்லாம் அப்படியே இருந்தன. ஏறி வண்டியை எடுத்தால் மறுபடி அதே சத்தம். மறுபடி நிறுத்தினேன்.

"என்னப்பா தேடறீங்க?"

"ஏதோ சத்தம் வருதும்மா."

அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக் காட்டினாள். முழங்கை வரை கண்ணாடி வளையல்.

"உங்கப்பா இன்னிக்குக் காத்தடிச்சாக்கூட இறங்கிப் பாப்பாரு, நீ தூங்கு" என்றாள் மனைவி. அப்போதுதான் மகளுக்குக் காலையில் நடந்ததைச் சொன்னோம். வயிற்றில் கை வைத்தபடி கேட்டுவிட்டு, "நல்லவேளை, காலையிலயே போன்ல சொல்லாம இருந்தீங்க" என்றாள். ஆறு மணிக்குள் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தோம்.

13 மார்ச், வியாழக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக டார்க் ரெஞ்சோடு வாசலுக்குப் போனேன். மகள் தூங்கிக்கொண்டிருந்ததால் கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு நட்டிலும் அதை வைத்து இழுத்தேன். எல்லாமே 'டக்' என்றன. ஒன்றுகூட இம்மியும் நகரவில்லை.