அல்மாஸ் கேட்ட சல்லி

ஒரு பெண்பிள்ளையை நான் அடிக்கவில்லை, வையவில்லை, அவள் பேரில் பொய்யும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அதிலேயே அவள் வாழ்க்கை போக இருந்தது. என் வாயை ஆண்டவர் எப்படித் திறந்தார் என்பதைச் சகோதரிகளாகிய உங்களிடம் மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

என் பெயர் தங்கபுஷ்பம். தேரிக்காட்டுப் பக்கம் ஊர். நாங்கள் ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அதைச் சொல்லாமல் நான் யாரிடமும் பேச்சைத் தொடங்கியதே இல்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, மருமகள் போடுகிற சோற்றுக்குக் காத்துக்கிடக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்து, ஐம்பது தாண்டிய வயதில் குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போனேன். பாஸ்போர்ட்டில் வயதைக் குறைத்துப் போட்டார்கள். அமெரிக்காக்காரன் ஈராக்குக்குள் போன மறு வருஷம் நடந்தது இது.

எங்கள் சபையில் பிடியரிசி உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மிஷனரி ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைப்போம். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு ஊழியக்காரர் வந்து திரை கட்டிப் படம் காட்டுவார். ஆப்பிரிக்காக் கிராமங்கள், புல் வேய்ந்த ஜெபவீடுகள், மரத்தடியில் குந்தியிருக்கிற ஜனங்கள். நான் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். சிறுபிள்ளையிலிருந்து என் கை அந்தப் பிடியை மறந்ததில்லை.

குவைத்திலும் மறக்கவில்லை. நான் வேலை பார்த்த வீட்டு அரிசி மூட்டையிலிருந்து தினமும் ஒரு பிடி எடுத்து ஒரு பழைய பால்பவுடர் டின்னில் போடுவேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு ஃபர்வானியாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிளாட்டில் ஜெபம் நடக்கும். அங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். வீட்டுக்காரியிடம் கேட்டு எடுத்தாயா என்று நீங்கள் கேட்டால், கேட்கவில்லை. என் வயிற்றில் ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டேன், அதனால் அது என்னுடையது என்று நினைத்தேன். டின்னுக்குள் ஒரு சீட்டும் எழுதிப் போட்டிருந்தேன். "ஆண்டவரே, ஆப்பிரிக்கா காட்டு ஜனங்களை ரட்சியும்." என் கோணல் கையெழுத்தில்.

அந்த வீட்டுக்குத்தான் அல்மாஸ் வந்தாள். எத்தியோப்பியாவில் தெற்கே ஏதோ ஒரு மலைக்கிராமம். இருபத்திரண்டு வயது இருக்கும். துடைக்க, துவைக்க, பிள்ளைகளைப் பார்க்க அவள். சமையலுக்கு நான். இரண்டு பேருக்கும் ஒரே அறை.

வெட்கத்தோடு சொல்லுகிறேன். அவள் தட்டைத் தனியே வைத்தேன். அவள் குடித்த கிளாஸில் நான் குடிக்கமாட்டேன். அவள் தலையில் வெண்ணெய் தடவிக்கொண்டால் மூக்கைப் பொத்துவேன். முதல் வாரம் அவள் என் பைபிளைக் கண்டுவிட்டு, மார்பில் கை வைத்து, "இயேசூஸ்! அனா இயேசூஸ்!" என்றாள், நான் இயேசுவுடையவள் என்று. அவர்கள் பாஷையிலும் நம் ஆண்டவரின் பெயர் ஏறக்குறைய அதேதான். நான் தலையை ஆட்டிவிட்டுப் பூண்டு உரித்தேன். ஒரு போட்டோவை எடுத்து வந்து நீட்டினாள். மண்சுவர் வீட்டுக்கு முன்னால் ஒருவன் நிற்கிறான், சுற்றிலும் ஜனங்கள். "அகூயி," என்றாள். என் அண்ணன் என்று அர்த்தம். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யல்லா, யல்லா, வேலையைப் பார்" என்றேன். திரையில் பார்த்து அழுதவள், நேரில் வந்து நின்றபோது பூண்டு உரித்தேன்.

நோன்பு மாதம் வந்தது. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை, வலிப்பும் வந்துவிட்டது. வீட்டுக்காரியின் மாமியார் கிழவிக்கு மனம் ஆறவில்லை. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று வீடு முழுக்கத் தேடினாள். எங்கள் அறைக்கும் வந்தாள். என் கட்டில் பக்கம் ஏசித் தண்ணீர் சொட்டுகிறது என்று டின்னை நான் அல்மாஸ் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். கிழவி அதை இழுத்துத் திறந்தாள். அரிசி. அரிசிக்குள் புரியாத எழுத்தில் ஒரு சீட்டு.

சுழி சுழியான நம் எழுத்தை அவர்கள் எத்தியோப்பியா எழுத்து என்று நினைத்துவிட்டார்கள். அரிசிக்குள் சீட்டைப் போட்டு மந்திரம் வைத்திருக்கிறாள் என்று ஒரே கூச்சல். வீட்டுக்காரி அல்மாஸின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். அந்த ஊரில் செய்வினைக் குற்றம் சின்ன விஷயமில்லை. போலீஸ், ஜெயில் என்று போய்விடும். அல்மாஸ் "மாஃபி, மாஃபி", இல்லை, இல்லை என்று அழுதாள். அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். டின் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தினமும் நான் பிடி போடுவதைப் பார்த்தவள்.

நான் தரையைப் பார்த்தேன்.

அவளை ஏஜென்சி ஆபீசில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். அங்கிருந்து போலீசுக்கு அனுப்புவதாகப் பேச்சு. டிரைவர் காதர் காயல்பட்டினத்துக்காரர். ஏஜென்சியில் காட்டிக்கொண்டுவரச் சொல்லி அவர் கையில் சீட்டைக் கொடுத்திருந்தார்கள். அவர் அடுக்களைக்குள் வந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"யக்கா, இது தமிழுல்லா? ஒங்க கையெழுத்துல்லா?"

"ஒன் சோலியப் பாத்துட்டுப் போ தம்பி."

"என்னக்கா இப்படிச் சொல்லுதிய? அந்தப் புள்ளைய உள்ள வச்சிருவானுவ. நான் சொன்னா எடுபடாது, நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆண்டவர் ஆண்டவர்னு சொல்லி, அஞ்சு நேரம் தொழுவுத என்னையவே அசத்துவிய. இப்பம் தெரியாதா?"

நான் கறியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அது கிளறுகிற பக்குவத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

வாசலில் கார் நின்றது. அல்மாஸ் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஏறப்போனவள் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "அம்மா, சல்லி. சல்லி, அம்மா" என்றாள். அரபியில் எனக்கு அடுக்களைச் சொல்தான் தெரியும். சல்லி என்றால் நமக்குக் காசுதானே? ஓ, வாயை மூட என்னிடம் காசு கேட்கிறாள் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து ஒரு தினார் நோட்டை எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரலைத் திறந்து கீழே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. பைபிளைத் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி ஓடியது. இனி ஆண்டவர் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று நினைத்தேன். மாடியில் துணி காயப்போடப் போனபோது கீழே பார்த்தேன். ஒரு நிமிஷம் கெட்ட நினைப்பு வந்தது. அதையும் மறைக்கவில்லை.

நாலாம் நாள் என் மனதுக்கு நியாயம் தேடி காதர் தம்பியிடம் சொன்னேன்.

"அவளும் லேசுப்பட்டவ இல்ல தம்பி. போகும்போது எங்கிட்ட சல்லி கேட்டா பாரு."

அவர் கையிலிருந்த துணியை வண்டி மேலே வைத்தார்.

"சல்லின்னா காசு இல்லக்கா. எனக்காவத் தொழுங்க, ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டுருக்கா. அவளக் காட்டிக் குடுத்த ஒங்ககிட்ட."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். துணியை எடுத்து மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தி, டைல்ஸ் தரையில் முழங்காலிட்டேன். ஐந்து தலைமுறை ஞாபகம் வரவில்லை. "ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும். அந்தப் பிள்ளையை ஒரு தடவை உயிரோடு என் கண்ணில் காட்டும். அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும்." இந்த மூன்று வாக்கியம்தான். எழுந்து கதவைத் திறந்தேன்.

சாயங்காலம், நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கிழவியும் வீட்டுக்காரியும் ஹாலில் இருந்தார்கள். காதர் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். டின் என்னுடையது, சீட்டு என்னுடையது என்றேன். அவர்கள் நம்பவில்லை. பேப்பர் கேட்டு வாங்கி, அந்த வரியை அவர்கள் முன்னாலேயே எழுதினேன். கிழவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய சீட்டோடு ஒத்துப் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தம்பி சொன்னார். கிழவி திரும்ப ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குதாவ?"

"வேண்டாம்க்கா."

"சொல்லு."

"ஆப்பிரிக்கா சனத்துக்காவத் தொழுதியே, அப்பம் இந்தப் புள்ள எந்தூருக்காரின்னு கேக்குதாவ."

நம் வேதத்தை அறியாத அந்தக் கிழவி வாயால் ஆண்டவர் என்னிடம் பேசினார் என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

கிழவி உடனே ஏஜென்சிக்குப் போன் போடச் சொன்னாள். போலீசுக்கு இன்னும் அனுப்பவில்லை என்றார்கள். புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்; அவளைத் திரும்ப வேலைக்கு மட்டும் கூப்பிடவில்லை. ஸ்தோத்திரம்! ஆனால் கேட்காமல் அரிசி எடுத்தவளை வீட்டில் வைத்துக்கொள்ள வீட்டுக்காரிக்கு மனமில்லை. "கலாஸ்", முடிந்தது, போ என்றாள். அது நியாயம்தான். மறுநாளே என்னையும் அதே ஏஜென்சியில் விட்டார்கள்.

ஜன்னல் இல்லாத ஒரு அறை. ஒன்பது பெண்கள் தரையில் படுத்திருந்தோம். மூலையில் அல்மாஸ். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் கையால் தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. இரண்டு நாள் அப்படியே. மற்ற பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மன்னிப்பு உடனே கிடைத்தது என்று சொன்னால் சாட்சிக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். விலகிப் போக அவளுக்குத் தெம்பில்லை. ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்து, ஏன் பேசவில்லை என்று கேட்டாள். கோஃப், பயம் என்றேன். "அனா பாத் கோஃப்" என்றாள். எனக்கும் பயம்தான் என்று. பிறகு என் தலையைத் தன் பக்கம் இழுத்து, அன்றைக்கு வாசலில் சொன்ன "சல்லி"யையே சொன்னாள். இந்த முறை எனக்குப் புரிந்தது. நான் தமிழில், அவள் அவள் பாஷையில் ஜெபம் பண்ணினோம். அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரே தட்டுச் சோறு. அதில் இரண்டு பேர் கையும் போயிற்று.

அந்த அறையில்தான் போட்டோவை ஒழுங்காகப் பார்த்தேன். அவள் அண்ணன் அவர்கள் பக்கத்து உபதேசியார். சம்பளம் கிடையாது. நாலு கிராமத்துக்கு மலையேறி நடந்தே போய் ஜெபம் நடத்துகிறவன். இவள் அனுப்புகிற பணத்தில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது, ஜெபவீட்டுக்குத் தகரம் வந்தது. அந்த ஊர்களில் முதலில் ஏழு பேர் மரத்தடியில் கூடினார்களாம். இப்போது உள்ளே இடம் போதாமல் வெளியே நிற்கிறார்கள் என்று கையை விரித்துக் காட்டினாள்.

பெருநாள் கழிந்து ஏஜென்சிக்காரர்கள் அவளை ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் என்னை. வெறுங்கையோடு வந்து மகன் வீட்டு வாசலில் நின்றேன். மருமகள், "வாங்கத்தை, கை கழுவுங்க" என்றாள். சாப்பிட்டேன். இன்று வரை அவள் கையால்தான் சாப்பிடுகிறேன். நல்ல பிள்ளை. அதை அறிய எனக்கு இத்தனை தூரம் போக வேண்டியிருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்துக் காதர் தம்பி லீவில் வந்தவர் பேரீச்சம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"யக்கா, ஒங்க அல்மாஸ் போன் போட்டா."

அவள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அண்ணன் மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டானாம். புதைத்த இடத்தைத்தான் பார்த்தாளாம். நாலு கிராமத்துக்கும் இப்போது அவளே நடக்கிறாளாம். நாலு கிராமம் ஆறாகிவிட்டதாம். நான் உட்கார்ந்து அழுதேன். நான் வாய் திறக்காத அந்த மூன்று நாள் இல்லாவிட்டால் அவளை முன்னதாகவே ஊருக்கு அனுப்பியிருப்பார்களோ, அவனை உயிரோடு பார்த்திருப்பாளோ என்ற எண்ணம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை.

"என்னப் பத்தி என்ன கேட்டா?"

"அம்மா இருக்காளான்னா. இருக்கான்னேன். நல்லதுன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

எனக்கு அது போதும். கேட்டதற்கு மேலாகவே ஆண்டவர் தந்தார். என் வாயைத் திறந்தார், அவள் முகத்தைக் காட்டினார், ஜெயிலுக்குப் போக வேண்டியவளை மலைக்கு அனுப்பினார்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை தொண்டையில் நிற்கிறதா? அதைச் சொன்னால் மானம் போகும், வேலை போகும் என்று பயமா? போகும். எனக்குப் போயிற்று. பயத்தோடேயே முழங்காலிடுங்கள். எழுந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடாதீர்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்கள் வாசலுக்குப் போங்கள். ஆண்டவர் உங்களுக்கு முந்தி அங்கே போய் நிற்பார்.