இடம் மாறிய வங்கக் கடல்

மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறியதற்கு மறு வருஷம், புனேயில் நடந்தது இது. ராயபுரத்திலிருந்து தினமும் ஆவடிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த என் கணவருக்குக் கட்கி தொழிற்சாலைக்கு மாற்றல் வந்தது. பக்கத்திலேயே போபோடியில், ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீடு பிடித்துக் குடியேறி எட்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் பெண் ஆறாம் வகுப்பு. ராயபுரத்தில் இருந்தவரை அவள் வாயை மூட வைப்பதுதான் எனக்கு வேலை. புனே பள்ளிக்கூடத்தில் அவள் எழுந்து ஒரு வரி பேசினால் போதும், பின் பெஞ்சிலிருந்து "அண்டு குண்டு, அண்டு குண்டு" என்று ஒரு கூட்டம் ஆரம்பித்துவிடும். தமிழர்கள் பேசுவது அவர்கள் காதுக்கு அப்படித்தான் கேட்குமாம். பிள்ளை வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டாள். டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உட்காருவாள், அவ்வளவுதான். அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பேசாமல் பெரம்பூரில் என் தங்கை வீட்டில் விட்டுப் படிக்கவைத்துவிடலாம் என்று நானும் அவரும் முக்கால்வாசி முடிவு செய்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வந்தது. ஆளுக்கு ஒரு கடற்கரை நகரம் எடுத்துக்கொண்டு, படம் வைத்து, அதன் சரித்திரத்தையும் பூகோளத்தையும் மேடையில் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் மும்பை, ரத்னகிரி, கோவா என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"நான் மெட்ராஸ் குடுத்துட்டேம்மா" என்றாள். "இதுலயும் சிரிச்சாங்கன்னா நான் சித்தி வீட்டுக்கே போயிடறேன்."

நான் எட்டாவதோடு நின்றவள். ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து கேட்டது. அதையெல்லாம் அவளுக்குக் கொட்டினேன். ஒரு துண்டு மணல்வெளியில் வெள்ளைக்காரன் கோட்டை கட்டியது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஊராக இருந்தது. துறைமுகமே இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நிற்க, கயிறு கொண்டு தைத்த மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்குக் கொண்டுவந்தது. எங்கள் தெருவில் மீன் கொண்டுவரும் அக்கா ஒன்று சொல்வாள்: "ஹார்பர் கட்னாங்கோ. கடலு எங்க கரையத் துன்ட்டு, அந்தாண்ட மெரினாவா கொட்டிக் குட்த்துச்சு." தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருந்த மணலைத் துறைமுகச் சுவர் மறித்துவிட்டது, அதனால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரைந்தது. புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதுகிறதை அவள் கூடையை இறக்கிவைக்கிற நேரத்தில் சொல்லிவிடுவாள்.

படத்துக்கு, போபோடி மெயின் ரோட்டில் போர்டு எழுதும் பெயிண்டரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கடைப் பெயர், கல்யாணப் பேனர், கணபதி மண்டல் விழா அறிவிப்பு எல்லாம் அவர் கைதான். பஸ் ரூட் புத்தகத்திலிருந்த வரைபடத்தைப் பட்டர் பேப்பரில் அச்செடுத்து வைத்திருந்தோம். மேலே ஓர் அம்புக்குறி, கரைக்கு ஒரு கோடு, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் ஆளுக்கு ஒரு கோடு, ஊர்களுக்குப் புள்ளி. எழுத்து எதுவும் கிடையாது. பெயர்களை மேலிருந்து கீழாகத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தோம். என் இரண்டு கையிலும் காய்கறிப் பை. வாயால்தான் சொன்னேன்: "பையா, சமுத்திரம் டாயா பாஜூ. மறக்காதீங்க, டாயா பாஜூ!" வலதுபக்கம் என்று நான் ஹிந்தியில் சொன்னேனாம். அவர் காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி வஹினி" என்றார். வஹினி என்றால் அண்ணி.

கண்காட்சியன்று காலை எட்டு மணிக்கு, யூனிஃபார்ம் போட்ட பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு படத்தை வாங்கப் போனேன். ஆளுயர மல் துணி. மடிப்பில்லாமல் விரித்துக் காட்டினார். நீலமும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்தது. பிள்ளைதான் முதலில் பார்த்தாள்.

"அம்மா... கடல் அந்தப் பக்கம் இருக்கும்மா."

வங்காள விரிகுடா இடதுபக்கம் அலையடித்துக்கொண்டிருந்தது. மெரினா மேற்கே இருந்தது. கூவம் எதிர்ப்பக்கமாக ஓடியது. பட்டர் பேப்பரைக் குப்புறப் போட்டு வரைந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எதிர் டீக்கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, தெரிந்த ஹிந்தி, தெரியாத ஹிந்தி எல்லாவற்றிலும் கத்தினேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை டாயா பாஜூ, டாயா பாஜூ என்று சொன்னேனே, காதை எங்கே வைத்திருந்தாய், ஒரு குழந்தையின் வாழ்க்கையோடு விளையாடுகிறாயா என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "சமுத்திரம் அங்கதானே இருக்கும், சரியாத்தானே போட்டிருக்கான்" என்று மும்பைப் பக்கம் கையைக் காட்ட, இன்னொருவர் சிரித்தார். பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

பெயிண்டர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"என் தப்புதான், வஹினி. எத்தனை மணிக்கு பேபி பேசணும்?"

"பதினோரு மணிக்கு."

"ஆயிடும்."

துணியைத் திருப்பி, வெயில் விழும் வாசலில் பின்பக்கம் தெரியும்படி கட்டினார். மெல்லிய துணி, பெயிண்ட் ஊறி, கரையும் ஆறுகளும் பின்னால் மங்கலாகத் தெரிந்தன. பின்னாலிருந்து பார்த்தால் கடல் வலதுபக்கம்! எனக்கு மூச்சு வந்தது. கறுப்பில் தூரிகையை முக்கி, கரைக்கோட்டை ஒரே இழுப்பாக இழுத்தார் பாருங்கள், எண்ணூரிலிருந்து அடையாறு வரைக்கும் கை எங்கேயும் நிற்கவில்லை. அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்க்காத மனுஷன்! கடலுக்கு நீலமும் மணலுக்கு மஞ்சளும் தீட்டினார். இடவலம் மாறி ஊறித் தெரிந்த எழுத்துகளை வெள்ளை பூசி மறைத்து, மேலே புதிதாக எழுதினார். பிள்ளை அழுவதை மறந்து பக்கத்தில் போய் நின்றாள். பெயர்களை அவள் படிக்கப் படிக்க அவர் எழுதினார். "திருவல்லிக்கேணி"க்கு மட்டும் மூன்றுதடவை சொல்லச் சொன்னார். "இது பேரா, ரயிலா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

பத்தரைக்கு முடிந்தது. பெயிண்ட் காயவில்லை, சுருட்ட முடியாது. இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி, முன்னால் அவரும் பின்னால் நானுமாகச் சென்னையைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக நடந்தோம். எதிரே சைக்கிள், ஆட்டோ, எருமை. "பேபி, நீ முன்னாடி போய்ச் சத்தம் போடு. பாஜூலா வ்ஹா! ஒதுங்குங்கன்னு அர்த்தம்" என்றார். முதல் தடவை முனகினாள். "அந்தச் சத்தத்துக்கு எருமை ஒதுங்குமா?" என்றார். அடுத்த சந்தில் என் பெண் போட்ட "பாஜூலா வ்ஹா!" எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதமாக நான் கேட்காத குரல். பள்ளிக்கூட வாசல்வரை கத்திக்கொண்டே போனாள்.

அவள் மேடை ஏறினாள். பெயிண்டர் போகவில்லை, கையில் நீலக்கறையோடு கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றார். அவள் ஆரம்பிக்கும் முன்பே ஒரு பையன், "மிஸ், கடலைத் தப்பான பக்கம் போட்டிருக்கா!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்க கடல் அந்தப் பக்கம்" என்றாள் என் பெண், அதே சந்துக் குரலில். "எங்க கடல் இந்தப் பக்கம். உங்க கடல்ல சூரியன் மறையும். எங்க கடல்லேருந்துதான் கிளம்பி உங்க ஊருக்கே வருது."

பூகோள டீச்சரே கைதட்டினார். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கோட்டை, மசூலாப் படகு, ஆறுகள், ஆறுகளைக் குறுக்கே கடந்து கடலுக்கு இணையாக ஓடும் கால்வாய், மீன்கார அக்காவின் மணல் கணக்கு, எல்லாம் ஆங்கிலமும் ஹிந்தியுமாக வந்து விழுந்தது. இறங்கியதும் ஐந்தாறு பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு மெரினாவை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். காயாத பெயிண்ட், கையெல்லாம் மஞ்சள். பரிசு ரத்னகிரிக்குப் போனது. எங்கள் வீட்டில் அன்றோடு பெரம்பூர்ப் பேச்சு நின்றது. கூட்டம் கலைந்து நான் திரும்பிப் பார்க்கும்போது பெயிண்டரைக் காணவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கேம்ப் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர், "டாவ்யா பாஜூலா நகருங்க" என்றார். நான் வலதுபக்கம் நகர்ந்தேன். மற்றவர்களெல்லாம் இடதுபக்கம் நகர்ந்தார்கள். பக்கத்திலிருந்த மராட்டிக்கார அம்மா என் தோளைத் தொட்டுச் சிரித்தார். "டாவா என்றால் மராட்டியில் இடது. ஹிந்தியில் வலதுக்குத் தாயா. நீங்க மெட்ராஸா? உங்க ஆளுங்க ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்றீங்க" என்றார்.

'தா'வை 'டா'வாக்கி, ஹிந்தி வலதை மராட்டி இடதாக்கி, இரண்டுதடவை அழுத்திச் சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். அவர் அட்சரம் பிசகாமல் நான் கேட்டதையே வரைந்து கொடுத்திருக்கிறார்.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் பெயிண்டர் கடைக்குத் திரும்பினேன். அதே டீக்கடைக்காரர்கள் காதில் விழும்படி, தப்பு என்னுடையது என்றேன். "உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

ஒரு பேக்கரி போர்டுக்குச் சிவப்புத் தீட்டிக்கொண்டே சிரித்தார். "நீங்க கத்தறப்போவும் அதையேதானே சொல்லிக் கத்தினீங்க, வஹினி."

"அப்போ ஏன் சொல்லல?"

தூரிகையைக் கீழே வைத்தார். "பேபி உங்க கையைப் பிடிச்சிட்டு நின்னுட்டிருந்தா. அவ மேடையில பேசப்போறது பூரா நீங்க சொல்லிக் குடுத்தது. அம்மா ஒண்ணு தப்பாச் சொன்னான்னு அந்த நேரத்துல தெரிஞ்சா, மத்ததையெல்லாம் எப்படி நம்பிப் பேசுவா? பெயிண்டர் தப்பா எழுதறது ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அதுல என்ன இருக்கு?"

இன்றைக்கும் யார்மேலாவது கோபம் வந்து என் குரல் ஏறும்போது, எதிரே இருப்பவர் என் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறாரோ என்று ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.