அலாரத்துக்குக் கட்டிய சொப்பிங் பை

எண்பதுகளின் நடுப்பகுதியில், அரபு நாட்டுக்குப் போகிறேன் என்றுதான் கல்முனையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனேன். போய் இறங்கின பிறகுதான் வேலை நாட்டில் இல்லை, கடலில் என்று தெரிந்தது. ஹெலிகொப்டரில் ஏற்றிக்கொண்டுபோய், கரையே தெரியாத ஆழ்கடலில் இரும்புக் கால்களில் நிற்கிற ஓர் எண்ணெய் மேடையில் இறக்கிவிட்டார்கள். கீழே எண்ணெயும் எரிவாயுவும் வருகின்றன, மேலே மனிதர் படுக்கிறோம். எனக்கு அங்கே உடுப்புத் தோய்க்கிற வேலை. ஊரில் என் சாரனைக்கூட நான் தோய்த்ததில்லை. உம்மா கண்டிருந்தால் சிரித்து உருண்டிருப்பா.

அங்கே குசினியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சமையல் வேலை செய்தார், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் நான்கு தெரு தள்ளியிருந்தும் கதைத்ததில்லை. கடலுக்குப் போய்த்தான் சொந்தமானோம். நான் வந்த அன்றே தன்னுடைய அறையில் இடம் பிடித்துத் தந்து, தன் போர்வையையும் தந்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் நடக்காது. அவருடைய தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று, வீடு சுவர் மட்டத்தில் நின்றது. வாப்பா இல்லாத வீடு. கூரை போடுவதற்காகத்தான் இந்த மனுஷன் கடலுக்கு நடுவில் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். எந்த ஓடு நல்லது என்று தொடங்கினால் விடமாட்டார். எனக்குக் கொட்டாவி வரும்.

நோன்பு வந்தது. குசினிச் சாப்பாடு எல்லாம் அவித்ததும் வெளிறியதும். அதைத் தின்றுவிட்டுப் பகல் முழுக்க அந்தச் சூட்டில் நோன்பிருக்க யாரால் முடியும்? படுக்கை அறைகளின் நடையோரத்தில் தேநீர் போடுகிற சின்ன அறை ஒன்று இருந்தது. இரவில் குசினியைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் காக்கா அங்கேயே கரண்ட் அடுப்பை வைத்து, விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்குச் செத்தல் மிளகாயும் கருவாடும் பொரித்தார். கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. மேடை முழுதும் உயிர்காப்புச் சட்டையோடு படகுப் பக்கம் ஓடியது, வெள்ளைக்காரர்கள் பாதி பேர் கால்சட்டைகூட இல்லாமல். கருவாட்டுக்கா இந்தப் பாடு என்று நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த நாள் காக்கா கதிரையில் ஏறி, அலாரத்துக்கு ஒரு பொலித்தீன் சொப்பிங் பையை மாட்டி, றப்பர் வளையம் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை. நோன்பு பிடிக்கிற எல்லோரும் அந்தச் சின்ன அறையில் முட்டி மோதிக்கொண்டு சுடச்சுடச் சாப்பிட்டோம். பொரித்த கருவாட்டில் பெரிய துண்டு எனக்குத்தான் வரும். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு ருசியாக அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

நோன்பு பாதியில், என் லோண்டரியில் உடுப்புக் காயவைக்கிற மெஷினுக்குள் பஞ்சு அடைத்துப் புகைந்தது. நான் அடுத்த அறையில் மடித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. அலாரம் கத்தித்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்தபோது உள்ளே நெருப்பு. அணைத்துவிட்டார்கள். ஊரில் வீடு பற்றினால் ரோட்டுக்கு ஓடலாம், இங்கே எங்கே ஓடுவது? நாங்கள் படுக்கிற இடத்து அலாரம் பைக்குள் மூச்சடைத்துக் கிடக்கிறது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

பாதுகாப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் எல்லோரையும் கூட்டி, இப்படி வேறு ஏதும் ஆபத்து இருந்தால் வந்து சொல்லுங்கள், சொல்கிறவருக்கு ஒன்றும் நடக்காது என்றார். நான் போய்ச் சொன்னேன். பையையும் சொன்னேன், கட்டினது யார் என்று கேட்டபோது அதையும் சொன்னேன்.

உயிர்ப் பயத்தில்தான் சொன்னேன் என்று பல காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் உண்மைதான். ஆனால் காக்காவிடம் போய், பையைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், எல்லோருடைய சஹர்ச் சோற்றிலும் மண் போட்டவன் நான் ஆவேன். வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததாக இருந்தால் என்னை யாரும் ஏசமாட்டார்கள். அந்தக் கோழைத்தனம்தான். சொன்னதற்கு மறுநாள் சஹருக்கும் வெட்கமில்லாமல் அவர் கையால் வாங்கித் தின்றேன்.

அன்று பகலே வந்து பார்த்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தி, அடுத்த ஹெலிகொப்டரில் காக்காவை ஏற்றினார்கள். போகும்போது, தம்பி சாப்பாட்டைக் கவனி என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

லீவில் ஊருக்கு வந்தபோது, காக்கா வீட்டுக்குப் போகாமலும் இருக்க முடியாமல் போனேன். கையில் பால்மா டின்னும் சவர்க்காரமும். பக்கத்தில் தங்கச்சிக்குக் கட்டின வீடு சுவரோடு அப்படியே நின்றது, அறைக்குள் புல் முளைத்திருந்தது. பேசின மாப்பிள்ளை பக்கத்துத் தெருவிலேயே வேறு இடத்தில் கலியாணம் முடித்துவிட்டான் என்று காக்கா சும்மா ஊர்ப்புதினம் போலச் சொன்னார். தான் இப்போது நற்பிட்டிமுனைப் பக்கம் யாருடையதோ வயலைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். தங்கச்சி தேத்தண்ணியைக் கதவுக்குப் பின்னால் நின்று நீட்டினா. அந்தக் கையைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நான்தான் காக்கா சொன்ன, என்று ஆரம்பித்தேன். லோண்டரி நெருப்பு, நித்திரை இல்லாதது, அத்தனை பேருடைய உயிர் என்று சொல்ல எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த வெள்ளக்காரன் அண்டைக்கே உன்ட பேரச் சொல்லிட்டான் தம்பி. நீ சொன்னதுல பிழ இல்ல," என்றார். தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பன். நானும் அங்கதானே படுத்த."