எதிர்த்துப் பேசினால் வேலை

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு ஹாலில், நான் பாதிப் பேச்சில் இருக்கும்போதே ஒரு பெண் என்னை நிறுத்தி, “நீங்க சொல்றது சரியில்லை அங்கிள்” என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கு முன்பு ஒரு வாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைக்கத்தான் நாங்கள் பாடுபட்டோம்.

முறையாக முதலிலிருந்து சொல்கிறேன்.

பெயர் பிரிசில்லா. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறாள். சொந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா இருதயராஜ் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரயிலில் பெங்களூர் வந்து, ஒரு ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியாக நின்று மகளைப் படிக்க வைத்தார். அவள் எடுத்தது புள்ளியியல். படிப்பு முடிந்ததும் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை உறுதியாகிவிட்டது. சேர வேண்டிய நாள்கூடக் குறித்துவிட்டார்கள். எந்தப் பெற்றோருக்கும் நிம்மதி தருகிற கட்டம்.

அந்த நேரம் பார்த்து வந்தது ஹெட்ஜ் ஃபண்ட்.

அப்படியென்றால்? நானும் கேட்டேன். பெரும் பணக்காரர்கள், பென்ஷன் டிரஸ்டுகள் போன்றவர்களின் பணத்தை வாங்கி, மார்க்கெட் ஏறினாலும் இறங்கினாலும் லாபம் பார்க்க முயல்கிற கம்பெனியாம். ‘முயல்கிற’ என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள். அமெரிக்காவில் மிகப் பெரிய ஒன்று, இங்கே ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கி ஆள் எடுக்கிறது. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து இந்த மாதிரி இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. எழுத்துத் தேர்வில் சுலபமாகத் தேறினாள். நேர்முகத்தில்தான் விஷயம்.

கேள்வி கேட்டவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாராம்: ஒரு பங்கு இன்றைக்குப் பத்து சதவீதம் இறங்கி, நாளைக்குப் பத்து சதவீதம் ஏறினால் பழைய விலைக்கே வந்துவிடும் என்று. வராது. நூறு ரூபாய் தொண்ணூறாகும். தொண்ணூறில் பத்து சதவீதம் ஒன்பதுதான். ஆக, தொண்ணூற்றொன்பது. பிரிசில்லாவுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் தலையாட்டிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த பெண் அதிகாரி கடைசியில் கேட்டிருக்கிறார் – அவர் சொன்னது தப்பு என்று தெரிந்ததா? தெரிந்தது. பின் ஏன் சொல்லவில்லை? “அவர் சீனியர் மேடம்.”

நாமாக இருந்தால் மெச்சியிருப்போம், இல்லையா? நல்ல வளர்ப்பு என்று சொல்லியிருப்போம். அவர்கள் மெச்சவில்லை. வேண்டுமென்றே வைத்த தப்பு அது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கமாம் – யார் சொன்னாலும், முதலாளியே சொன்னாலும், தப்பென்று தோன்றினால் முகத்துக்கு நேராகச் சொல்லியாக வேண்டும். அடுத்த சனிக்கிழமை இன்னொரு முறை வா, அதுதான் கடைசி வாய்ப்பு என்று அனுப்பிவிட்டார்கள்.

பாவம், கணக்கில் தோற்றிருந்தால் கணக்குப் போட்டுப் பழகலாம். மரியாதையை எப்படிக் குறைத்துப் பழகுவது?

எங்கள் டைனிங் டேபிளில் ஒத்திகை வைத்தோம். நான் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருப்பவன். ஒரு தப்பான தகவலை வாயால் சொல்வதே எனக்குக் கஷ்டம். இருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டு, “இங்கேயிருந்து பீன்யா போக ஓசூர் ரோட்டைப் பிடிக்கணும்” என்றேன். இரண்டும் ஊரின் எதிரெதிர்த் திசைகள்.

பிரிசில்லா ரொம்ப நேரம் யோசித்தாள். “அப்படியும் போகலாம் அங்கிள்.”

அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: “எப்படிடீ போகலாம்? சந்தாபுராலதான் போய் நிப்பீங்க ரெண்டு பேரும்.”

அதற்குப் பிறகு பயிற்சிப் பொறுப்பு என் கையில் இல்லை. கரண்டியோடு வந்து உட்கார்ந்த என் மனைவி, மறுத்துப் பேசுவது எப்படி என்று செய்தே காட்டினாள். நான் எதைச் சொன்னாலும் மறுத்தாள். சிலவற்றை நான் சரியாகவே சொல்லியிருந்தேன்... அதுவும் போயிற்று. வியாழக்கிழமைவாக்கில் பிரிசில்லாவுக்குக் கொஞ்சம் வாய் வந்தது. “கோச்சுக்காதீங்க அங்கிள்” என்ற முன்னுரையோடு.

சனிக்கிழமை போனாள். சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். தைரியமாக மறுத்தாளாம். கேள்வி கேட்டவர் பொறுமையாக எண்களை எடுத்துக் காட்டினாராம். பார்த்தால், இந்தத் தடவை அவர் சொன்னதுதான் சரி! “நான் நினைச்சது தப்பு சார், இப்போ புரியுது” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எல்லாம் போச்சு ஆண்ட்டி என்று என் மனைவியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அடுத்த புதன்கிழமை மெயில் வந்தது. வேலை அவளுக்குத்தான். மறுத்ததற்கு ஒரு மார்க் என்றால், தப்பு என்று தெரிந்ததும் சண்டை போடாமல் மாற்றிக்கொண்டதற்கு இரண்டு மார்க் போலிருக்கிறது.

ஆனால் உண்மையான நேர்முகம் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தது.

இருதயராஜ் காலை ரயிலில் வந்துவிட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் ஹாலுக்கு. “நீங்களே சொல்லுங்க சார். இன்னா கம்பெனி அது? பொருள் செய்யலை, கடை இல்லை. ஏறும், இறங்கும்னு பந்தயம் கட்றவங்க. பூமிக்கடியில தங்கம் இருந்த கம்பெனியே மூடிப்போச்சு. இது எத்தினி நாளைக்கு?” சாஃப்ட்வேர் கம்பெனியில் சேரச் சொல்லுங்கள் என்பதுதான் அவர் வந்த காரியம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் அவர் பேச்சு நியாயமாகவே பட்டது. ஒரே கம்பெனியில் காலம் தள்ளுகிறவன் நான். “அப்பா சொல்றதுல அர்த்தம் இருக்கும்மா. நிலையான வேலை...” என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் அவள் என்னை நிறுத்தினாள். முன்னுரை எதுவும் இல்லாமல்.

பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. கை மட்டும் துப்பட்டாவின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தது.

“அப்பா, சுரங்கம் மூடப்போவுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“தெரியாம இன்னா? கீழ இறங்கறவனுக்குத் தெரியாதா?”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

இருதயராஜ் ஜன்னலைப் பார்த்தார். “நம்ம வேலை அது இல்லையேம்மா.”

“அங்க அதுதான்பா வேலை.”

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரை எடுத்து, மெதுவாகக் குடித்து முடித்து, கீழே வைத்தார்.

“அங்கியும் இப்படித்தான் எதுத்துப் பேசினியா?”

“ஆமாம்பா.”

“அதுக்கப்புறமும் வேலை குடுத்தாங்க?”

“குடுத்தாங்க.”

“அப்ப அங்கியே போய்ச் சேரு. இந்த வாய்க்கு வேற எவன் வேலை குடுப்பான்?”

சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. பிரிசில்லா அழுதுகொண்டே சிரித்தாள்.

பெரியவர்களுக்குத் தலையாட்டுவதை மரியாதை என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டு, இது இடிக்கிறதே என்று சொல்வதும் மரியாதைதான் போலிருக்கிறது. காதில் வாங்காதவனால் மறுக்க முடியாதே!

அப்பாவும் மகளும் மாடிக்குப் போனதும் என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “அந்தக் கம்பெனியில வயசு வரம்பு ஏதாவது இருக்குதா?”