மோடம் மணவாளனின் கைராசி

செம்மங்குப்பத்தில் எங்கள் கெமிக்கல் கம்பெனியில் அவருக்கு ‘மோடம் மணவாளன்’ என்று பெயர். அவரே வைத்துக்கொண்டதுதான். கழிவுநீர்த் தொட்டியின் அளவைத் தினமும் பதினோரு மணிக்கு ஒரு பழைய மோடம் போன் போட்டுச் சிதம்பரம் ஆபீஸுக்கு அனுப்பும். புதுசு வாங்க முதலாளிக்கு மனசு வராது. கரண்ட் போய் வந்தால் மோடத்துக்கு எல்லாம் மறந்துவிடும். டயல் டோன் இல்லை என்று அடம்பிடிக்கும். உடனே மணவாளனைக் கூப்பிட வேண்டும்.

வருவார் பாருங்கள், புது மாப்பிள்ளை மாதிரி! முதலில் டீ. பிறகு முதுகால் கம்ப்யூட்டர் திரையை மறைத்துக்கொண்டு நாலு எழுத்து தட்டுவார். மோடம் கீச்சென்று கத்தி லைன் பிடிக்கும்.

“இதுக்கெல்லாம் கைராசி வேணும் மேரி. உனக்கு வராது,” என்பார் சவரிமேரியிடம். தூ! பதினாறு வருஷமாக இதே பீற்றல்.

தொட்டி அளவைக் கவனித்துக்கொள்ளும் சவரிமேரி காண்ட்ராக்ட் ஆள். அளவு போகாவிட்டால் மெமோ அவளுக்குத்தான், அவருக்கில்லை. இரண்டு வாங்கிவிட்டாள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

போன மாதம் ஒருநாள் பத்தரைக்குக் கரண்ட் போய் வந்தது. மணவாளன் மேல்பட்டாம்பாக்கத்தில், மச்சான் வீட்டுக் காதுகுத்தில். சவரிமேரி அவருக்குப் போன் செய்தாள்.

“கறி சாப்ட்டு வரேன். மோடம் எங்கியும் ஓடிப்பூடாது,” என்று வைத்துவிட்டார்.

அவள் என்னிடம் ஓடிவந்தாள். பக்கத்து லேபில் வேலை பார்க்கும் நான் ஸ்டோர் அலமாரியைக் குடைந்து, மோடத்தோடு வந்த புத்தகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். “மாதாவே” என்று புரட்டினாள். டயல் டோனுக்குக் காத்திருக்காமல் எண்ணைச் சுழற்று என்பதற்கு ATX3. அடித்தாள். பதினோரு மணிக்கு மோடம் கத்தியது. அளவு சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. சவரிமேரி அழுதேவிட்டாள்.

நான் அதே பக்கத்தின் கடைசி வரியைப் படித்தேன். AT&W என்று ஒரே ஒரு தடவை அடித்தால், சொன்னதை மோடம் சேமித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் மறக்காது. பக்கத்தில் மணவாளனின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் ஒரு சொல்: ‘வேண்டாம்’.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இந்த ஆளுக்காகவே சொன்னது. அவள் வாங்கிய இரண்டு மெமோவும் இவர் டீ குடிக்கத்தான்!

சவரிமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு AT&W அடித்தாள்.

அடுத்த வாரமும் கரண்ட் போய் வந்தது. மணவாளன் வந்து, “தள்ளு மேரி,” என்று நாற்காலியை இழுத்தார். அவர் உட்காருவதற்குள் மணி பதினொன்று. மோடம் தானாகவே கத்தி லைன் பிடித்தது. அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

சவரிமேரி புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

“டீ சொல்லட்டுமாண்ணே?”