இடது புருவமும் வளைந்த ஹேண்டில்பாரும்

மீசை முளைக்காதவன் பந்தயம் கட்டக் கூடாது. எட்டாம் வகுப்பில் நான் கட்டினேன். திங்கட்கிழமை ரேஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம் வராவிட்டால் ஒரு பக்க மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது பாதி வாக்கியத்தில் நினைவுக்கு வந்ததால் புருவத்தை வைத்தேன். இடது புருவம். பந்தயத்துக்கு எதிராளி என் பக்கத்து பெஞ்சுக்காரன். ஈவு இரக்கம் அறியாதவன்.

“ஏலே, எங்கண்ணன் சேவிங் செட்டு வீட்லதான் இருக்கு. பிளேடு காசு கூட நீ குடுக்க வேணாம்” என்றான்.

இத்தனைக்கும் அந்த மாதிரி சைக்கிளை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. திருச்சுழி ரோட்டில், தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு வெளியூர்க்காரர் ராமேஸ்வரம் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கிடாய்க் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், கயிறு கனத்தில் டயர். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவில் அவர் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அம்மா நம்ப மாட்டாள். மூன்று வேளையும் இறங்கியது. ஆனால் கவலையோடு இறங்கியது.

பெஞ்சுக்காரனின் அண்ணன் போனில் விலை தேடினோம். பதினோராயிரம். இதை வீட்டில் சொன்னபோது தறியை நிறுத்திவிட்டுப் பேசியவர் சித்தப்பா. “இன்னும் மூணு வருசம் பொறுத்தா பதினொண்ணாப்புல கவர்மெண்டே சும்மா குடுக்குது. சும்மா வர்றதுக்குப் போயி யாராச்சும் காசு குடுப்பாகளா?” அவரைப் பொறுத்தவரை மூன்று வருடம் என்பது ஒரு காத்திருப்பே இல்லை. அம்மா முறுக்கைக் காப்பியில் ஊறப்போட்டு, ஊறியதும் எடுத்து ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தாள். அந்த வருடம் அப்படித்தான் தின்பாள். அது அவளுடைய ருசி என்று நினைத்திருந்தேன். நானும் ஒருமுறை ஊறப்போட்டுப் பார்த்தேன். சகிக்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி அப்பா, “காலைல விருதுநகர் போறோம், கெளம்பி இரு” என்றார்.

ஏன் விருதுநகர்? எங்கள் குடும்பத்தில் பெரிய சாமான் எதையும் அருப்புக்கோட்டையில் வாங்க மாட்டார்கள். நாங்கள் வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். உள்ளூர்க் கடைக்காரருக்கு எங்கள் கன்னடம் தெரியும், அதனால் அவர் முன்னால் ரகசியம் பேச முடியாது, அதனால் பேரம் படியாது. இது தாத்தா காலத்துக் கணக்கு. வெளியூர்க் கடையில் அப்பா தமிழில் புலம்புவார், கன்னடத்தில் திட்டம் போடுவார். மதுரையில் பீரோ வாங்கும்போது தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தமிழில் சொல்லி முந்நூறு ரூபாய் குறைத்தார். தாத்தா போய்ச் சேர்ந்து அப்போது பத்து வருடம். அன்றிலிருந்து அப்பாதான் எனக்கு ஊரிலேயே பெரிய நடிகர்.

பஸ்ஸில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பிடித்த சாமானைப் பார்த்துப் பல்லிளிக்கக் கூடாது. வேப்பங்கொட்டையைக் கடித்தவன் மாதிரி நிற்க வேண்டும். பாலவனத்தம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பார்த்து வேப்பங்கொட்டை முகம் பழகினேன். முன்சீட்டு அம்மாள் திரும்பி, “பையனுக்கு வாந்தி வருதோ?” என்று இடத்தை மாற்றிக்கொண்டார். அடிக்கொரு தரம் இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கடையில் அது இருந்தது. உத்தரத்திலிருந்து கொக்கியில் தொங்கியது. சிவப்பு. வேப்பங்கொட்டையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. என் வாய் திறந்த திறப்பிலேயே ஐநூறு ரூபாய் ஏறியிருக்கும்.

கடைக்காரர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, காதில் ஒரு பேனா. “வாங்க அண்ணாச்சி. தம்பி கண்ணு சரியான எடத்துலதான் நிக்குது. இன்னைக்கு எறக்குனது. காத்து மாதிரி போவும். பதினோராயிரத்து ஐநூறு, உங்களுக்காக ஐநூறைத் தள்ளுறேன்.”

அப்பா ஆரம்பித்தார். கலர் சரியில்லை என்றார். இந்த வயதுப் பையனுக்கு உயரம் அதிகம் என்றார். கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். பதினோராயிரம் பத்தரை ஆனது, பத்தரை பத்தே கால் ஆனது, அதற்குக் கீழே அசையவில்லை. அப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. எனக்கோ புருவம் அரித்தது.

“அப்பா, இது இல்லாம நான் பள்ளிக்கூடம் போக முடியாது” என்றேன், கன்னடத்தில்.

அப்பா என் பக்கம் குனிந்தார். அவரும் கன்னடத்தில்தான் பேசினார், மெதுவாக.

“எங்கிட்ட ஆறாயிரந்தான்டா இருக்கு. அதுவும் உங்கம்மா பல்லு கட்ட வச்சிருந்தது. கடவாய்ப் பல்லு ரெண்டும் போயி ஆறு மாசமா ஒரு பக்கமா மெல்லுறா. அவதான் எடுத்துக் குடுத்து, வாங்கிக் குடுத்துருங்கன்னா. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு.”

நான் மெய்மறந்துபோனேன். தாத்தா ஆஸ்பத்திரியெல்லாம் இதற்கு முன்னால் நிற்குமா? பல்! கடைவாய்ப் பல்! எங்கிருந்து பிடிக்கிறார் இந்த மனிதர்!

“சூப்பர்ப்பா” என்றேன், கன்னடத்திலேயே. “இதையே அவர்ட்ட தமிழ்ல சொல்லுங்க. விழுந்துருவாரு.”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அதைத் தமிழில் சொல்லவில்லை. நல்ல வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் வீணடிக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் கடைக்காரருக்குப் புத்தி பேதலித்தது. காதிலிருந்த பேனாவை எடுத்தார், மறுபடி அங்கேயே செருகினார். பிறகு தன் கடைச் சாமானைத் தானே திட்டத் தொடங்கினார்.

“தம்பி, உண்மையச் சொல்லவா? இது ஒங்க ஊருக்கு ஆவாது. டயரப் பாரு, சணல் கயிறு மாதிரி. கருவ முள்ளு ஒண்ணு போதும், படுத்துரும். மாசத்துல பாதி நாளு தோள்ல தூக்கிட்டுத்தான் அலையணும். நீ சைக்கிள் ஓட்டுவியா, சைக்கிள் ஒன்ன ஓட்டுமா?”

“இல்லண்ணே, நான் முள்ளு பாத்து ஓட்டுவேன்.”

“கேரியர் எங்கருக்கு? ஒங்க அப்பாவ எங்க ஒக்கார வைப்ப? ஹேண்டில்பார்ல தொங்கப் போடுவியா?”

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் காற்று மாதிரி போன சைக்கிள் இப்போது ஒன்றுக்கும் உதவாத இரும்பாகிவிட்டது. மூலையிலிருந்து வேறொன்றை உருட்டிக்கொண்டு வந்தார். நேர் ஹேண்டில்பார், தடி டயர், கேரியர், மணி. அட்டையில் நாலாயிரத்து அறுநூறு என்று இருந்தது. அவர் அட்டையைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு, “மூவாயிரத்து ஐநூறு குடுங்கண்ணாச்சி. போதும்” என்றார்.

அப்பா பேரம் பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சியை முதன்முதலாகப் பார்த்தேன். எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மடித்து உள்பையில் வைத்தார். நான் என் புருவத்துக்கு மனதுக்குள் பிரியாவிடை கொடுத்தேன்.

அழுகையை அடக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிக் கடை வாசலிலிருந்து இறக்கினேன். கோபத்தில் இறக்கியதால் நேராக ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரு அலறல்.

“பிரேக் ஹிடியோ!”

பிடித்தேன். ஆட்டோக்காரர் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார். பிரேக்கைப் பிடி என்று சுத்தமான எங்கள் வீட்டுக் கன்னடத்தில் கத்தியது அப்பா என்று நினைத்துத் திரும்பினேன். அப்பா வாயை மூடியபடி சிலையாக நின்றிருந்தார். கத்தியது கடைக்காரர். கத்திய வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைக்காரர் சட்டென்று உள்ளே போய், யாரும் கேட்காத ஒரு காற்றடிக்கும் பம்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஊருக்குச் சைக்கிளிலேயே போனோம். நான் மிதிக்க, அப்பா பின்னால் கேரியரில். எனக்கு அழுகையெல்லாம் போய்ச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தாத்தா காலத்துத் தந்திரம் இப்படிச் சந்தி சிரித்துவிட்டதே! மிதித்துக்கொண்டே முழுக்கதையையும் அவருக்கே நடித்துக் காட்டினேன். கடைக்காரர் குரலில் ஒரு தடவை, அப்பா குரலில் ஒரு தடவை. “எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்துருக்காருப்பா! நம்ம பல்லு கதையக் கூட!”

திங்கட்கிழமை புருவம் போனது. இரண்டு மாதத்தில் வளர்ந்தும்விட்டது. அதற்குள் அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் மதுரைக்குப் போய் வந்தார்கள், அம்மா முறுக்கை ஊறப்போடாமல் நறுக்கென்று கடித்தாள், அவளுக்கு ருசி மாறிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். அந்தக் கடைக் கதையைக் கல்லூரியில் சொல்லியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா தமிழில் எது சொன்னாலும் அது பேரம், கன்னடத்தில் சொன்னால்தான் நிஜம் என்பது கூடவே வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. கால் மணி நேரப் பழக்கத்தில் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

பாலவனத்தம் வரை நடித்துக் காட்டியும் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. காற்று இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னேன். அது ஆடி மாதம். விருதுநகரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும்போது ஆடிக்காற்று முதுகைத்தான் தள்ளும். அவர் சிரித்திருந்தால் அது நேராக என் காதுக்குத்தான் வந்திருக்கும்.