நாலு விரல் ஆட்டம்

கண்ணாடிக்காரர் என்று தெருவில் எல்லோரும் கூப்பிடுகிறவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய பிக்கப் வண்டிக்கு இருபத்தாறு. கடைகளுக்கும் கட்டி முடியாத வீடுகளுக்கும் கண்ணாடிப் பலகை ஏற்றிப் போவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையில் உடைந்தது மொத்தம் மூன்று பலகை. அதிலும் ஒன்று, நிறுத்தியிருந்த வண்டியின் மேல் யாரோ ஏணியைச் சாய்த்ததால் உடைந்தது. அதைச் சேர்க்கக் கூடாது, இரண்டு என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம்.

கண்ணாடி ஏற்றுகிறவர்கள் ஓட்டும் விதமே தனி. இவர் அதிலும் ஒரு படி மேலே. பிரேக்கை மிதித்ததே கிடையாது, கால் வைத்துக் கெஞ்சுவார். ஸ்டீயரிங்கை விரல் நுனியால் பிடித்து, தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல் திருப்புவார். முன்னால் நாய் ஓடினாலும், பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தே ஓய்ந்தாலும் அந்தக் கை வேகம் மாறாது. "இவர் வளைவுல திரும்பறதுக்குள்ள எனக்கு ஒரு தூக்கம் முடிஞ்சிடும்" என்பாள் மனைவி.

அந்த ஸ்டீயரிங்தான் மூன்று மாதமாக அவர் பிராணனை வாங்கியது. வாகனச் சோதனை நிலையத்தில் இரண்டு தடவை வண்டியைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு தடவையும் ஒரே அதிகாரி. ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் உலுக்கி, "நாலு விரல் ஆடுது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதாவது ஸ்டீயரிங் வளையம் நாலு விரல் அகலம் சும்மா நகர்ந்த பிறகுதான் முன் சக்கரத்துக்கு விஷயமே தெரிகிறது. மூன்றாவது சோதனை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதிலும் தவறினால் நம்பர் பலகையைக் கழற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வண்டிக்குப் பழைய இரும்புக் கடைதான் கதி. வேறொரு வண்டி வாங்க அவருக்கு வழியில்லை. வேறு தொழிலும் தெரியாது.

வேறு பட்டறைக்கும் போக முடியாது. ஏனென்றால், பட்டறைக்காரன் மனைவியின் தம்பி. அவனை விட்டுவிட்டு இன்னொருவனிடம் வண்டியைக் கொண்டுபோனால் வீட்டில் குடியிருக்க முடியாது.

மச்சினனும் சும்மா இருக்கவில்லை. முதல் மாதம், சக்கரங்களை இணைக்கும் கம்பியின் மூட்டுகளை மாற்றினான். இரண்டாம் மாதம், வளையத்தின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பெட்டியின் திருகை இறுக்கினான். இறுக்கிய வேகத்தில், வளைவில் திரும்பிய வண்டி மறுபடி நேராவதற்கு மறுத்துவிட்டது. மறுநாளே தளர்த்தினான். மூன்றாம் மாதம், கம்பியையும் மாற்றி, ஸ்டீயரிங் தண்டும் பெட்டியும் சேரும் இடத்தில் இருந்த இணைப்பையும் மாற்றினான். ஒவ்வொரு தடவையும் "இனிமே கல்லு மாதிரி நிக்கும் மாமா" என்றான். ஒவ்வொரு தடவையும் நாலு விரல் ஆட்டம் நாலு விரலாகவே இருந்தது.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மச்சினன் மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்தான். கண்ணாடிக்காரர் மேலே உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டுங்க மாமா."

ஆட்டினார்.

"ஆட்டுங்கன்னு சொன்னேன்."

"ஆட்டிக்கிட்டுதான்டா இருக்கேன்."

"இங்க ஒண்ணும் அசையலையே."

"அசையலன்னா? அங்க நாலு விரல்னு எழுதியே கொடுத்திருக்காங்க. நான் என்ன கனவா கண்டேன்?"

"மூட்டு புதுசு, கம்பி புதுசு, இணைப்பு புதுசு. இனிமே மாத்தறதுக்கு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்தார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. கீழே இருப்பவன் விளக்கை ஒவ்வொரு மூட்டாகக் காட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். மேலே இருப்பவர் வலது பக்கம் மெல்ல, இடது பக்கம் மெல்ல என்று வளையத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு மனைவி வந்தாள். அவள் சலவை நிலையத்தில் வேலை செய்கிறவள். படுக்கை விரிப்புகளை அழுத்தும் பெரிய இஸ்திரி இயந்திரத்தின் கைப்பிடியை நாளைக்கு முந்நூறு தடவை இழுத்து அமுக்குகிற கை அவளுடையது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள், பூட்டின கதவைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள். இருந்த ஒரே சாவியைக் கண்ணாடிக்காரர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"சாவி," என்று கையை நீட்டினாள்.

"கொஞ்சம் இரு. கையை எடுத்தா இவன் கத்துவான்."

அவள் கொஞ்சம் இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? ஆட்டுறேன்."

"இதுக்குப் பேரு ஆட்டுறதா? தடவிக் கொடுக்கறீங்க. இறங்குங்க."

"ஸ்டீயரிங்கைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. காலையிலேருந்து நின்ன கால் வலிக்குது, வீடு பூட்டிக் கிடக்குது. எனக்குக் கோபம் மட்டும் இருக்கு. இறங்குங்க."

இறங்கினார். அந்த இருக்கையில் இருபத்திரண்டு வருடத்தில் அந்த அதிகாரி ஒருவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. மனைவி ஏறி உட்கார்ந்து, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, இஸ்திரிக் கைப்பிடியை இழுக்கிற இழுப்பாக ஒரு இழுப்பு இழுத்தாள். கீழே டங்கென்று சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கம் இழுத்தாள். மறுபடியும் டங்.

வண்டிக்கு அடியில் விளக்கு பெட்டிப் பக்கம் திரும்பியது.

"அக்கா, இன்னொரு தடவை," என்றான் தம்பி. அப்புறம், "மாமா, நீங்களும் வந்து பாருங்க."

கண்ணாடிக்காரர் சாக்கின் மேல் படுத்து உள்ளே நகர்ந்தார். மனைவி இழுத்தாள். ஸ்டீயரிங் பெட்டி முழுசாக வண்டியின் இரும்புச் சட்டத்தை விட்டு அரை அங்குலம் எழும்பி, திரும்ப உட்கார்ந்தது. துருப்பொடி அவர் மூக்கில் விழுந்தது. பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருந்த மூன்று போல்ட்டுகளில் ஒன்று பாதியில் முறிந்திருந்தது. மற்ற இரண்டின் ஓட்டைகளும் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. உலுக்கி இழுத்தாலோ, ஓடும்போது சாலை உதறினாலோதான் பெட்டி எழும்பும். நிற்கிற வண்டியில் அவர் திருப்புகிற மாதிரி திருப்பினால் இருந்த இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

"மூணு மாசமா என்னத்தடா பாத்த?"

"நீங்க ஆட்டுனதைத்தான் பாத்தேன்."

"வேற யாரையாவது உக்கார வெச்சு ஆட்டச் சொல்றதுக்கு என்ன?"

"உங்க வண்டியிலயா? போன மாசம் நான் ஏறப் போனதுக்கே, செருப்பைக் கழட்டு, கையைத் துடை, தொடாதேன்னீங்க. கடைசியில நான் கீழ, நீங்க மேல."

கண்ணாடிக்காரர் வெளியே நகர்ந்து எழுந்தார். மேலிருந்து மனைவியின் கை ஜன்னல் வழியாக நீண்டது.

"சாவி."

கொடுத்தார்.

பெட்டியைக் கழற்றி, சட்டத்தில் தேய்ந்த இடத்தில் தடிப்பான இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து, மூன்று ஓட்டையும் புதிதாகத் துளைத்து, மூன்று புது போல்ட்டும் போட்டு முடிக்க மாலை ஆறேமுக்கால் ஆனது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதே அதிகாரி ஏறி உட்கார்ந்தார். மனைவி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாள். அதிகாரி உலுக்கினார். இறங்கிப் போய்த் தாளைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் உலுக்கினார்.

"ஒரு விரல்கூட இல்ல. யார் கண்டுபிடிச்சாங்க?"

பட்டறைக்காரன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சுவரோரம் பார்வை போனது. "வீட்ல," என்றார்.

அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மனைவி பக்கத்து இருக்கையில் இருந்தாள். இருநூறு அடி போவதற்குள் வண்டி இடது பக்கம் பாய்ந்தது. திருத்தினார். வலது பக்கம் பாய்ந்தது.

"நேரா ஓட்டுங்க."

"நேராத்தான் ஓட்டுறேன்."

அவர் கை பழைய கணக்கில் நாலு விரலைச் சேர்த்தே திருப்பிக்கொண்டிருந்தது. வண்டியோ இப்போது தொட்டதும் திரும்பியது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். முந்திப் போகும்போது தலையை நீட்டி இரண்டு பேரையும் முறைத்துவிட்டும் போனான்.

"இப்ப ஆடறது வண்டி இல்ல," என்றாள் மனைவி.

"தெரியுது. நாளைக்கு ஒன்பது மணிக்குப் பதினாறு பலகை ஏத்தணும்." அவர் குரலில் எரிச்சல் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "இந்தக் கையோட எப்படி ஏத்தறது?"

மனைவி சாலையைப் பார்த்தாள். இடது பக்கம் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் பாதை காலியாக இருந்தது.

"அப்படித் திருப்புங்க. கை சரியாகற வரைக்கும் சுத்துவோம்," என்றாள். "வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு. அவசரம் ஒண்ணுமில்ல."